அடிமண்டி

பதினாறாம் வாய்ப்பாட்டில் நாலாவது வரிக்கு வந்ததும் ஆதித்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

"பதினாறு நாலு?" என்று மறுபடியும் கேட்டார் பலவேசம். அவர் இடது கையில் சங்கிலிக் கடிகாரம் திறந்திருந்தது. வரிக்கு மூன்று விநாடி என்பது அவர் போட்ட கணக்கு. இந்த ஒரு வரிக்கே ஒரு நிமிஷம் போய்விட்டது.

"வயிறு வலிக்கிப்பா."

"வயிறு வலிச்சா வலிக்கட்டும்லே. வாய்க்கு என்ன வந்துது?"

அடுப்படியிலிருந்து தங்கபுஷ்பம் எட்டிப் பார்த்தாள். ஆனி மாதச் சாரல் விடியலிலிருந்தே நிற்காமல் தூவிக்கொண்டிருந்தது. ஈர விறகு பிடிக்காமல் வீடெல்லாம் புகை. அந்தப் புகைக்குள்ளும் மகனுடைய முகம் வெளுத்திருந்தது தெரிந்தது. ஆறு வயசுப் பிள்ளைக்குச் சோளத்தட்டை மாதிரி கை, கால்.

"புஷ்பம், இன்னும் ரெண்டு கரண்டி கொண்டா. பயலுக்கு மந்தம் ஏறுது."

"காலையில மூணு குடிச்சாச்சுங்க."

"அப்ப அஞ்சாக்கு. மருந்து பத்தலன்னு அர்த்தம். ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் நாலு நாள்தான் கிடக்கு, தெரியும்லா?"

தெரியாமல் என்ன? ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் வியாபாரிகள் சங்கத்தின் சாரல் விழா. டெபுடி கலெக்டர் தலைமை. அவர் முன்னால் ஆதித்தன் மேடையேறிப் பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாக ஒப்பிக்கப் போகிறான் என்று தென்காசி வரைக்கும் நோட்டீஸ் ஒட்டியாயிற்று. நேராகச் சொல்லவே நாலாவது வரியைத் தாண்டாத பிள்ளை.

பலவேசம் பிறவி வைத்தியர் இல்லை. புளியங்குடியில் எலுமிச்சங்காய் கமிஷன் கடை வைத்திருந்தவர். ஒரு வருஷம் விலை விழுந்து காய் மூட்டை மூட்டையாக அழுகியது. வீசியெறிய மனசு வராமல் குற்றாலத்துக்கு வந்து, எலுமிச்சைச் சாற்றோடு வல்லாரையும் கருப்பட்டியும் போட்டுக் காய்ச்சி, 'புத்தி பிரகாசினி' என்று அதற்குப் பேர் வைத்தார். அன்றைக்கே தமக்கும் 'வைத்திய ரத்னம்' என்று ஒரு பேர் வைத்துக்கொண்டார். யார் கொடுத்த பட்டம் என்று கேட்டால், "எல்லாம் வடக்கேயிருந்து வந்ததுதான்" என்பார். ரப்பர் ஸ்டாம்பு வெட்டிக் கொடுத்த கடை தென்காசியில் இருந்தது. தென்காசி குற்றாலத்துக்கு வடக்கேதான்.

பாட்டில் லேபிளில் ஆதித்தனின் படம். நாலு வயசில் எடுத்தது. நெற்றியில் சுருள் முடி, கேமராவையே கேள்வி கேட்கிற மாதிரி கண். கீழே கொட்டை எழுத்தில் 'கெட்டிக்காரப் பிள்ளை'. அந்த வயசில் அவனே அதை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "நாந்தானப்பா இது?" என்று கேட்டிருக்கிறான். அதே பிள்ளை இப்போது செருப்பைக் காட்டி அதற்கு என்ன பேர் என்று கேட்டால் யோசிக்கிறான்.

யோசித்துக்கொண்டே நின்ற தங்கபுஷ்பம் ஜாடியிலிருந்து இரண்டு கரண்டி ஊற்றிக் கொடுத்தாள். பையன் நக்கி நக்கிக் குடித்தான். அவனுக்கு அதன் இனிப்பு பிடிக்கும்.

"பதினாறு நாலு அறுபத்து நாலு," என்று புறவாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. எலுமிச்சங்காய் பிழிந்துகொண்டிருந்த மூத்தவள் முப்பிடாதி. பத்து வயசு. "பதினாறு அஞ்சு எம்பது. பதினாறு ஆறு தொண்ணூத்தி..."

"ஏட்டி, உன்னை யாரு கேட்டா? காயைப் பிழி."

அவளுக்கு டானிக் கிடையாது. பொட்டப்பிள்ளை மூளையை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறது, இன்னொருத்தன் வீட்டுக்குப் போகிறது என்று பலவேசம் ஆரம்பத்திலேயே தீர்மானித்துவிட்டார். முப்பிடாதி பழையதும் சுட்ட கருவாடும் தின்று வளர்ந்தாள்.

டானிக் காய்ச்சுகிற வேலை தங்கபுஷ்பத்துக்கும் அடுத்த வீட்டு மூக்கம்மாளுக்கும். ஆள் உட்காருகிற அளவுக்குச் செம்பு அண்டா. காய்ச்சி இறக்கினதும் வடிகட்டாமல் மூன்று நாள் அப்படியே அண்டாவில் கிடக்க வேண்டும். அது பலவேசம் கண்டுபிடித்த முறை. நாலாம் நாள் மேலாக இருப்பதை மொண்டு, ஒரு பங்குக்குப் பன்னிரண்டு பங்கு அருவித் தண்ணீர் சேர்த்துப் பாட்டிலில் அடைப்பார்கள். 'குற்றால அருவி நீரில் தயாரானது' என்று லேபிளில் இருந்தது. லேபிளில் உண்மையாக இருந்தது அந்த ஒரு வரிதான்.

அண்டாவின் அடியில் கொழகொழவென்று படிந்து கிடக்கும் அடிமண்டி மட்டும் விற்பனைக்கு இல்லை. அதைத் தம் கையாலேயே வழித்து ஜாடியில் போட்டு வீட்டுக்குள் வைத்துவிடுவார். "சத்தெல்லாம் அடியிலதான் இறங்கும். நக்கிப் பாரு, மேல உள்ளதவிட அடிதான் இனிக்கி. ஊரான் பிள்ளைக்குத் தண்ணி, எம்பிள்ளைக்குச் சத்து."

மறுநாள் காலையில் ஆதித்தனுக்கு இழுப்பு வந்தது. கண் மேலே செருகி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. மூக்கம்மாள் ஓடிவந்து கையில் இரும்புச் சாவியைத் திணித்தாள். பலவேசம் வீட்டில் இல்லை. விழாவுக்குத் தோரண வாசல் எத்தனை அடி உயரம் என்று சங்கத்தில் வாதாடப் போயிருந்தார்.

"யம்மா, பஸ் வருது, நட," என்றாள் முப்பிடாதி. அவள்தான் ஜாடியையும் பைக்குள் எடுத்துப் போட்டாள்.

தென்காசி மேலரத வீதியில் ஒரு டாக்டரம்மா இருந்தாள். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத அம்மாள். பையனின் உதட்டைத் தூக்கி, ஈறை விளக்கடியில் பார்த்தாள். பல்லை ஒட்டினாற்போல் பென்சிலால் இழுத்த மாதிரி நீலங்கறுப்பாக ஒரு கோடு.

"மண்ணு கிண்ணு திங்கிறானா?"

"சுவத்துக் காரையைச் சுரண்டித் திங்கான்."

"நடக்கையில தடுக்கி விழுறானா?"

"விழுதாம்மா. முந்தி நல்லாப் பேசுவான். இப்பம் பேச்செல்லாம் பாதி முழுங்கிருதான்."

"எவ்வளவு நாளா?"

தங்கபுஷ்பம் விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். முப்பிடாதி சொன்னாள்: "ரெண்டு வருசம். அண்டாவுக்குப் புதுசா ஈயம் பூசினோம்லா, அந்தப் பங்குனியிலேருந்து."

டாக்டரம்மா நிமிர்ந்து அந்தப் பெண்ணைப் பார்த்தாள். "என்ன அண்டா?"

சொன்னார்கள். எலுமிச்சைச் சாறு, மூன்று நாள் ஊறல், அடிமண்டி, ஒரு நாளைக்கு ஐந்து கரண்டி. டாக்டரம்மா ஜாடிக்குள் விரலை விட்டு எடுத்துப் பார்த்தாள். நக்கிப் பார்க்கவில்லை. விரலைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினாள்.

"நல்ல வெள்ளீயமா இருந்தா இப்படி வராது. இது காரீயம். துப்பாக்கிக் குண்டு செய்யிற சாமான். புளிப்பு பட்டா கரையும், கரைஞ்சா இனிக்கும். பெரியவங்க உடம்பு ஏதோ கொஞ்சம் தாங்கும். இவன் வயசுல மூளை இன்னும் வளந்துகிட்டிருக்கு. அங்கதான் போய் உக்காரும். படிச்சதை அழிக்கும். புதுசா எதையும் ஏற விடாது."

தங்கபுஷ்பம் கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கரண்டி பிடித்த கை.

"போனது திரும்பி வருமாம்மா?"

"முதல்ல இன்னும் போகாம பாருங்க. மெட்ராசுல ஒரு ஊசி இருக்கு, தந்தி குடுக்கிறேன், திங்கக்கிழமை வந்துரும். அவன் அப்பாவையும் கூட்டிட்டு வாங்க. ஊசி போட ஆரம்பிச்சா நடுவுல நிறுத்தக் கூடாது. அதுவரைக்கும் இதுல ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது."

பஸ்ஸுக்குப் போகிற வழியில் ஈயம் பூசும் மாடக்கண்ணுவின் பட்டறை. தரையில் குழி வெட்டி, துருத்தியை மிதித்து, ஒரு தவலையைச் சுட வைத்துக்கொண்டிருந்தார். நவச்சாரத்தைத் தூவிப் பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றினார். புகை குப்பென்று வந்தது.

"அண்ணாச்சி, நம்ம அண்டாவுக்கு என்ன ஈயம் பூசினிய?"

மாடக்கண்ணு துருத்தியை மிதிப்பதை நிறுத்தவில்லை. "எதுக்குத் தாயி கேக்கிய?"

"கேக்குதேன், சொல்லுங்க."

"முதலாளியத்தான் கேக்கணும்."

"அவுக சொல்ல மாட்டாக. இங்கன பாருங்க." பையனின் உதட்டைத் தூக்கிக் காட்டினாள்.

மாடக்கண்ணுவின் கால் துருத்தி மேலேயே நின்றுவிட்டது. பையன் தணலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான்.

"தாயி, எங்கிட்ட இருந்த வெள்ளீயம் அவ்வளவு பெரிய அண்டாவுக்குக் காணாது. மதுரையிலேருந்து வரணும், பத்து நாள் ஆகும்னேன். முதலாளிக்குப் பொறுக்கல. எலுமிச்சங்கா லாரி செட்டுல இருந்து பழைய பேட்டரித் தகட்ட ஒரு சாக்கு அள்ளிக் கொண்டாந்து, இத உருக்கிப் பூசும்னாக. முதலாளி, இது காரீயம், சோத்துப் பாத்திரத்துக்கு ஆகவே ஆகாது, எங்க ஐயா இதத் தொட்டா குளிச்சிட்டுதான் சாப்பிடுவாகன்னு சொன்னேன். 'வைத்திய ரத்னம் நீராவே நானாவே'ன்னு கேட்டாக."

"நீங்க என்ன சொன்னிய?"

"நான் என்ன சொல்ல? அவுகதான்னு சொன்னேன்." தவலையைத் திருப்பி வைத்தார். "பூசினேன். எம்மேலயும் தப்புதான்."

அன்று மத்தியானம் பலவேசம் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் எல்லாவற்றையும் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. அவர் சுண்டவத்தக் குழம்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"இங்கிலீஷ் மருந்துக்காரிக்கு நம்ம டானிக்க கண்டா வயித்தெரிச்சல். அது ஒனக்குப் புரியுதா?"

"மாடக்கண்ணு அண்ணாச்சி..."

"அவன் யாரு, பாத்திரம் பூசுதவன். ஏளா, ஒண்ணு சொல்லுதேன் கேளு. ரெண்டு வருசத்துல எத்தன பாட்டில் வித்திருக்கு? செங்கோட்டை, சிவகிரி, பாவூர்சத்திரம்னு போகாத ஊரு உண்டா? ஒருத்தனாவது வயிறு வலிக்குன்னு வந்திருக்கானா?"

ஏன் வரவில்லை என்று தங்கபுஷ்பத்துக்குத்தான் தெரியுமே. ஒன்றுக்குப் பன்னிரண்டு கலந்த கை அவளுடையது. ஊரை ஏமாற்றியதால் ஊர்ப் பிள்ளைகள் தப்பித்தன. அருவி காப்பாற்றியது. ஏமாற்றாமல் முழுச் சரக்கும் கொடுத்தது ஒரே ஒரு பிள்ளைக்கு.

"ஒங்க மக டானிக் குடிக்கல. அவ எப்படி இருக்கா, பாருங்க."

பலவேசத்தின் கை சோற்றில் நின்றது. ஒரு நொடிதான். "அவ எங்க ஆத்தா சாயல்," என்று சொல்லி மோர் கேட்டார்.

ஆனால் மறுநாள் காலை, பல் விளக்கிவிடுகிற சாக்கில், அவர் மகனின் உதட்டைத் தூக்கிப் பார்த்ததை முப்பிடாதி பார்த்தாள். அம்மாவிடம் வந்து சொன்னாள். பார்த்துவிட்டு என்ன செய்தார் என்றும் சொன்னாள்: மூஞ்சியைத் துடைத்துவிட்டு, "பதினாறு ஒண்ணு?" என்று ஆரம்பித்தாராம்.

தங்கபுஷ்பம் ஜாடியை எடுத்துக்கொண்டு புறவாசலுக்குப் போனாள். அடிமண்டியை மண்ணில் கொட்டப் பயந்து ஒரு பழைய தகர டப்பாவில் வழித்து, மூடியை இறுக்கி, விறகுக் குவியலுக்குப் பின்னால் வைத்தாள். ஜாடியை மண் போட்டுத் தேய்த்தாள். வெந்நீர் விட்டுக் கழுவினாள், மறுபடி தேய்த்தாள். கருப்பட்டியை மண்சட்டியில் பாகாகக் காய்ச்சி அதில் ஊற்றி, பழைய இடத்தில் வைத்தாள். வெள்ளி, சனி இரண்டு நாளும் வேளை தவறாமல் ஐந்து கரண்டி கொடுத்தாள். பலவேசம் பக்கத்தில் நின்று எண்ணினார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சன்னதி பஜாரில் கால் வைக்க இடமில்லை. குளித்த ஈரத்தோடு சனம். நுங்கு, பலாச்சுளை, எண்ணெய் வாசனை. தோரண வாசல் பதினெட்டு அடியில் நின்றது, பலவேசம்தான் ஜெயித்திருந்தார். சரிகை அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

"சர்க்கார் ஐந்தாண்டுத் திட்டத்தில் அணை கட்டுகிறது. அடியேன் மூளை கட்டுகிறேன். அணைக்குச் சிமெண்டு வேண்டும், மூளைக்கு...!" என்று பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். கைதட்டினார்கள். பாதிப் பேர் மழை விட்டதற்காகத் தட்டினார்கள்.

ஆதித்தனை மைக் முன்னால் ஸ்டூலில் ஏற்றினார். கடிகாரத்தைத் திறந்தார்.

"பதினாறு ஒண்ணு பதினாறு," என்றான் ஆதித்தன். "பதினாறு ரெண்டு..." கூட்டத்தைப் பார்த்தான். விளக்கைப் பார்த்தான். "பதினாறு ரெண்டு..."

கடிகாரத்தின் டிக் டிக் மைக்கில் கேட்டது. முன்வரிசையில் யாரோ, "ஏலே, சாவி தீந்து போச்சா?" என்றார்கள். சிரிப்பு எழுந்தது. பையனும் கூடவே சிரித்தான். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருக்கத் தங்கபுஷ்பத்தால் முடியவில்லை.

"பதினாறு ரெண்டு முப்பத்திரெண்டு," என்றாள் முப்பிடாதி, கீழே இருந்து, தம்பிக்கு எடுத்துக் கொடுக்கிற குரலில். அவன் சொல்லவில்லை. அவளே போனாள். பதினாறு பதினாறு இருநூற்று ஐம்பத்தாறு வரைக்கும் போய், திரும்பித் தலைகீழாகவும் வந்தாள். கூட்டம் இந்தத் தடவை நிஜமாகவே கைதட்டியது.

பலவேசம் வியாபாரி. விழுந்த இடத்திலேயே கடை போட்டார். குனிந்து மகளின் கையைப் பிடித்து மேடைக்குத் தூக்கினார். "சபைக் கூச்சம், தம்பிக்குச் சபைக் கூச்சம்! இதுவும் நம்ம வீட்டுப் பிள்ளைதான். இதுவும் புத்தி பிரகாசினிதான். நாளை முதல் இதற்கும் அளவு இரட்டிப்பு!"

தங்கபுஷ்பம் ஜாடியை இடுப்போடு அணைத்துப் பிடித்தாள்.

மேடையில் உட்கார்ந்திருந்த டெபுடி கலெக்டரின் மனைவி நாற்காலியை முன்னுக்கு இழுத்தாள். மடியில் எட்டு வயசு மகன். "இவனுக்குக் கணக்கே வரமாட்டேங்குது. கடை பாட்டில் வேண்டாம். உங்க வீட்டுப் பிள்ளைங்களுக்குக் குடுக்கிறீங்களே, அதையே ஒரு ஸ்பூன் குடுங்களேன்."

"தாராளமா! பாக்கியம்ல எங்களுக்கு. புஷ்பம், அந்த ஜாடி..."

பலவேசம் சொல்லி முடிக்குமுன் தங்கபுஷ்பம் ஜாடியோடு மேடையில் நின்றாள். மேடை ஏறுமுன் ஒரு கரண்டி என்று அவர்தான் எடுத்துவரச் சொல்லியிருந்தார். அவள் மூடியைத் திறந்தாள். கரண்டி நிறைய ஊற்றினாள். கறுப்பாக, கெட்டியாக, விளக்கு வெளிச்சத்தில் மினுங்கியது. அவள் கரண்டியைப் பார்க்கவில்லை. புருஷன் முகத்தையே பார்த்தாள்.

கலெக்டர் வீட்டுப் பையன் வாயைத் திறந்தான்.

கரண்டி அவன் வாயருகே போயிற்று. பலவேசம் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். சிரிப்பு மட்டும் முகத்தில் இருந்தது, மற்றதெல்லாம் இறங்கிப் போயிருந்தது. பையனின் கீழுதட்டைக் கரண்டி தொடப்போகையில் அவர் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். கடிகாரம் சங்கிலியோடு தொங்கியாடியது.

"வேண்டாம்... இது கொஞ்சம் உஷ்ணம். பெரிய இடத்துப் பிள்ளைக்குத் தாங்காது. கடைச் சரக்கே தாரேன், அதுதான்... அதுதான் நல்லது."

"கலெக்டர் ஐயா பிள்ளைக்கு ஆகாததுன்னா," என்றாள் தங்கபுஷ்பம், "எம்பிள்ளைக்கு எப்படிங்க ஆச்சு?"

அவள் மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் மைக் செட் வாடகைக்கு எடுத்தது பலவேசம், நல்ல மைக். அருவிக்கரை வரைக்கும் கேட்டது.

அவள் கையை விடுவித்துக்கொண்டு கரண்டியைத் தன் வாயில் வைத்துக் குடித்தாள். பலவேசம், "ஏளா..." என்று ஒரு குரல் கொடுத்தார். அந்தக் குரலை கல்யாணமான பதினோரு வருஷத்தில் அவள் கேட்டதில்லை.

"கருப்பட்டிப் பாகு," என்றாள். "வெள்ளிக்கிழமையிலேருந்து இதுதான்."

பயந்து தடுத்தாரா, பாவம் பார்த்துத் தடுத்தாரா, கலெக்டருக்காகவா, யாரோ ஒரு பிள்ளைக்காகவா என்று பஜாரில் பல நாள் பேசிக்கொண்டார்கள். பலவேசம் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

திங்கட்கிழமை டாக்டரம்மா வீட்டு பெஞ்சில் பலவேசம் மடியில் மகனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கம்பவுண்டர் நோட்டை விரித்துக் கேட்டார்: "அப்பா பேரு? வைத்திய ரத்னம்னு போடணுமா?"

"பலவேசம்னு போடுங்க. போதும்."

ஊசி தினமும் போட வேண்டும் என்றாள் டாக்டரம்மா. உடம்பில் இருக்கிற ஈயம் இறங்கும், இழுப்பு நிற்கும், வயிறு வலி போகும். மூளையில் அழிந்தது எவ்வளவு திரும்பும் என்று அவர் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் அவள், "பார்ப்போம்," என்று மட்டும் சொன்னாள்.

பஸ் ஸ்டாண்டுச் சுவரில், பாட்டில் லேபிளில் இருந்த அதே படமும் எழுத்தும் போட்ட விழா நோட்டீஸ் சாரலில் நனைந்து ஓரம் உரிந்து தொங்கியது. ஆதித்தன் அதன் முன்னால் நின்றான்.

"இது யாரு?"

முப்பிடாதி அப்பாவைப் பார்த்தாள். எதற்கும் ஒரு பிரசங்கம் வைத்திருக்கிற மனுஷன் நோட்டீஸையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீதாம்லே," என்றாள் தங்கபுஷ்பம். "சின்னதுல எடுத்தது."

பையன் நம்பாமல் படத்தைத் தொட்டுப் பார்த்தான். அப்புறம் விரல் கீழே எழுத்துக்கு இறங்கியது. "கெ..." என்றான். வெகு நேரம் கழித்து, "ட்..." என்றான். விரல் அங்கேயே நின்றது. முப்பிடாதி வாயைத் திறந்தாள். பலவேசம் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

குற்றாலம் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் பலவேசத்தைத் தெரிந்தவர். "முதலாளி, ஏறலியா? வண்டி எடுக்கப் போறேன்," என்று கூப்பிட்டார்.

பலவேசம் பழக்கத்தில் கடிகாரத்தை வெளியே எடுத்தார். மணி பார்க்காமலே மூடி மறுபடி பைக்குள் போட்டார்.

"நீ போ," என்றார். "பிள்ளை வாசிச்சிக்கிட்டிருக்கான்."